மரம் விழுந்து கிடக்கும் ஆற்றில் பைக் பிடிப்பது: முள்ளைத் தொலைக்காமல் தூண்டில் கட்டும் முறை

பைக் என்றதும் இரண்டு சக்கரம் ஞாபகம் வர வேண்டாம். இங்கிலாந்து ஆறுகளில், நம்மூர் விரால் மாதிரி ஒளிந்திருந்து பாயும் நீள மூக்கு மீன் இது. செவர்ன் போன்ற ஆற்றில் வெள்ளம் வரும்போது கரையோர வில்லோ மரங்கள் சாய்ந்து அடியில் போய்க் கிடக்கும். பைக் அந்தக் கிளைகளுக்குள்தான் இருக்கும். நம் தூண்டிலும் அங்கேதான் மாட்டும்.

காசு போவது சின்ன விஷயம். இரையோடு அறுந்து கிடக்கும் முள்ளை அப்புறம் ஒரு பைக் விழுங்கினால், கிளையில் கட்டிப்போட்ட மாதிரி கிடந்து சாகும். அதனால் எது அறுபட வேண்டும் என்பதைக் கரையிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

13 வயது ஆனவர்களுக்கு ராட் லைசென்ஸ் (தூண்டில் போடும் உரிமம்) கட்டாயம். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆற்றில் பைக் பிடிக்கக் கூடாது. கரைக்குச் சொந்தக்காரரின் அனுமதி தனி.

1. முதலில் வெறும் குண்டு (தூண்டிலை அடிக்கு இறக்கும் எடை). முள் கட்டாமல் குண்டை மட்டும் வீசி, மெல்ல இழுத்துப் பாருங்கள். எங்கே தட்டுகிறது, எங்கே பிடிக்கிறது என்று கைக்கே தெரியும். நீர் மேலே குமிழிட்டுச் சுழலும் இடத்துக்கு அடியில் பெரும்பாலும் ஏதோ கிடக்கிறது. கிளைக்குள் வீசாதீர்கள், விளிம்பில் போட்டாலே போதும், பைக் வெளியே வரும்.

2. கட்டுவது. இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். மெயின் லைன் 50 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு (பின்னிய நூல்). அதில் நழுவும் தக்கை, பிறகு ஒரு சுவிவல் (லைன் முறுக்காமல் சுழலும் சின்ன இணைப்பு). சுவிவலில் இரண்டு கிளை. ஒன்று 30 பவுண்டு கம்பி லீடர் (முள்ளைக் கட்டும் கடைசித் துண்டு), 45 செ.மீ.க்குக் குறையக் கூடாது. நைலான் என்றால் பைக்கின் பல் நறுக்கிவிடும். லீடர் நுனியில் மும்முள் (மூன்று கொக்கி உள்ள முள்), அதில் செத்த மத்தி. மற்றொன்று குண்டுக்கான 6 பவுண்டு மோனோ (ஒற்றை இழை நைலான்), சுமார் 80 செ.மீ. லீடரைவிட இது நீளம் என்பதால் இரை தரையில் படாமல் தொங்கும். மாட்டினால் முதலில் அறுவதும் இந்த மோனோதான்.

குண்டுக்குக் கடைக்குப் போக வேண்டாம். ரப்பர் பேண்டில் கட்டிய கூழாங்கல் போதும். அன்னப்பறவைகள் விழுங்கிச் செத்ததால், 28 கிராமுக்கு உட்பட்ட ஈயக்குண்டுகளின் விற்பனைக்கு 1987 முதலே இங்கே தடை இருக்கிறது.

3. தக்கை அசைந்தால் காத்திருக்காதீர்கள். லைனை இறுக்கி உடனே வெடுக்கென்று இழுங்கள். தாமதித்தால் முள் தொண்டைக்குப் போகும், மீனும் வேருக்குள் புகும். ரீலின் பிரேக்கை இறுக்கமாகவே வையுங்கள். இங்கே மீனுக்கு விளையாட்டுக் காட்ட இடமில்லை. நீள மூக்குக் குறடு, கம்பி வெட்டி, மீனைக் கிடத்த மெத்தென்ற பாய் மூன்றும் இல்லாமல் போகவே வேண்டாம்.

4. திரும்பச் சுற்றும்போது ராடை உயர்த்தி வேகமாகச் சுற்றுங்கள். தரையோடு இழுத்து வந்தால் வழியில் உள்ள எல்லாக் கிளையும் உங்களுடையது.

5. மாட்டிவிட்டதா? லைனைத் தளர்த்தி ஒரு நிமிடம் விடுங்கள். நீரோட்டமே சில நேரம் விடுவிக்கும். இல்லையென்றால் பத்து அடி மேலேயோ கீழேயோ நடந்து வேறு கோணத்தில் இழுங்கள். அப்போதும் வரவில்லையா, ராடை வளைக்காமல் லைனுக்கு நேராக நீட்டி, ஸ்பூலை (ரீலில் லைன் சுற்றிய உருளையை) பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி பின்னால் நடங்கள். லைனைக் கையில் சுற்றாதீர்கள், பிரெய்டு சதையை அறுக்கும். ஒரு குச்சியில் சுற்றி இழுக்கலாம். கல் மட்டும் போய், முள் திரும்பி வரும்.

வந்ததும் கடைசி இரண்டு மீட்டர் லைனை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். ஒரே இடத்தில் மூன்றாவது முறை மாட்டினால் அங்கே வீசுவதை விட்டுவிட்டு இருபது அடி தள்ளி உட்காருங்கள்.