மாறாத உலோகத்தைப் பிடியுங்கள்

உலோகக் கலவைக் கணக்கில் செப்பைச் சேர்க்கச் சொன்னால், செப்பைத் தேடாமல் எடை மாறாத தங்கத்தை முதலில் பிடியுங்கள். கொழும்பு செட்டியார் தெரு நகைக்கடைகளில் 22 கரட் என்பது 24 பங்கில் 22 பங்கு தங்கம். சரி, 22 கரட் தங்கம் 9 கிராம் இருக்கிறது; 18 கரட் ஆக்க எவ்வளவு செப்பு வேண்டும்? 9 × 22 = 198. அதை 18ஆல் வகுத்தால் மொத்த எடை 11 கிராம். ஆக, செப்பு 2 கிராம். தெரியாக்கணியம், சமன்பாடு எதுவும் தேவைப்படவில்லை. பரீட்சையில் மிச்சமாகும் அந்த இரண்டு நிமிடம் பெரிய விஷயம்.

எவ்வளவு செப்பு விழுந்தாலும் தங்கத்தின் எடை அப்படியேதான் இருக்கும். அதனால் எடையையும் கரட்டையும் பெருக்கி வரும் எண் முன்னும் பின்னும் ஒன்றே.

இரண்டு கலவைகளைச் சேர்த்து உருக்கும் கணக்கில் இது சரிவராது; அங்கே இரண்டு உலோகமும் கூடுகின்றன. அப்போது குறுக்கே கழியுங்கள்: 22, 18 கரட்டிலிருந்து 21 கரட் வேண்டுமென்றால் 21 − 18 = 3, 22 − 21 = 1; 22 கரட்டுக்கும் 18 கரட்டுக்கும் எடை விகிதம் 3:1. விகிதம் கனவளவில் தரப்பட்டிருந்தால், அடர்த்தியைக் கொண்டு முதலில் எடைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.