முட்டை இல்லை என்றால் ராணி இல்லை என்று அர்த்தமல்ல

தை மாதம், சந்தூரில் மாமரங்கள் பூத்துக் கிடந்த நேரம். புதிதாகத் தேனீ வளர்க்கும் தம்பி ஒருவர் அழைத்தார். "அண்ணா, பெட்டியில் ராணியும் இல்லை, முட்டையும் இல்லை. வேறு ராணி எங்கே கிடைக்கும்?" எனக்குப் பகீரென்றது. நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியோடு அலைந்தவன். புகை போடுவதையும் அடை கட்டிய மரச்சட்டத்தைத் தூக்குவதையும் யாரும் சொல்லித் தருவார்கள். ராணி விஷயத்தில் செய்யக்கூடாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

அவசரப்பட்டு ராணி வாங்குவது

இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ராணி இறந்ததும் பணித் தேனீக்கள் இளம்புழுவைத் தேர்ந்து அதைச் சுற்றி ராணி அறை, அதாவது புது ராணி வளரும் தனி அறை, கட்டுகின்றன. நாம் பெட்டியில் வளர்க்கும் நாட்டு இனமான அடுக்குத் தேனீயில் ஏறக்குறைய 12 நாளில் கன்னி ராணி வெளிவரும். அது வெளியே பறந்து ஆண் தேனீக்களோடு கூடித் திரும்பி முட்டை வைக்க மேலும் ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அதுவரை பெட்டியில் முட்டையே இருக்காது. கன்னி ராணியோ ஒல்லியாக, அடைமேல் ஓடிக்கொண்டே இருக்கும். பழகிய கண்ணுக்கும் தப்பிவிடும்.

இது தெரியாமல் காசு கொடுத்து ராணி வாங்கிக் கூண்டில் வைத்தேன். மூன்றாம் நாள் திறந்து விட்டேன். மறுநாள் அடிப்பலகையில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு தேனீ உருண்டை. குச்சியால் பிரித்தால், நடுவில் சிறகு கிழிந்து என் ராணி செத்துக் கிடந்தது. அதோடு விட்டேனா? ஒளிந்திருக்கும் ராணியைத் தேடி தினமும் சட்டங்களை உருவி உதறினேன். அந்தக் கன்னி ராணியும் தொலைந்தது. சில நாளில் ஒரே அறையில் மூன்று நான்கு முட்டைகள், சுவரில் ஒட்டிக்கொண்டு. பணித் தேனீக்களே முட்டை வைக்கத் தொடங்கிவிட்டன. அவற்றிலிருந்து ஆண் தேனீதான் வரும். மாம்பூ உதிர்வதற்குள் பெட்டி காலியாகிவிட்டது.

ராணி இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், பக்கத்துப் பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு சட்டத்தை எடுங்கள். அதன் ராணி ஒட்டி வராமல் பார்த்து, தேனீக்களைத் தட்டிவிட்டு, சந்தேகப்படும் பெட்டியில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் அதில் ராணி அறை கட்டினால் ராணி இல்லை. கட்டாவிட்டால் பெரும்பாலும் இருக்கிறது, மூடிவிட்டுப் பொறுத்திருங்கள்.

தம்பியின் பெட்டியில் ராணி அறை ஒன்றின் நுனி வட்டமாக வெட்டப்பட்டு மூடிபோலத் தொங்கியது. ராணி நல்லபடியாக வெளிவந்ததன் அடையாளம் அது. பக்கவாட்டில் ஓட்டை இருந்தால் போட்டி ராணியின் வேலை. நடு அடையின் அறைகள் துலக்கிய பித்தளைபோல மின்னின, முட்டைக்காகவே துடைத்து வைத்தாற்போல. "பத்து நாள் தொடாதீர்கள், தம்பி" என்றேன். பதினோராம் நாள் படம் அனுப்பினார்: அறைக்கு ஒரு முட்டை, அடிமட்டத்தில் நிமிர்ந்து நின்றது.

முற்றிய புழுவில் ராணி வளர்ப்பது

ராணிக்கும் பணித் தேனீக்கும் முட்டை ஒன்றுதான், தீனிதான் வேறு. பொரித்து ஒரு நாளுக்குள் உள்ள புழுவை எடுங்கள். மூன்று நாள் தாண்டினால் வருவது அரைகுறை ராணி.

ஆண் தேனீ இல்லாத பருவத்தில் ராணி வளர்ப்பது

வீண்.

ராணி அறையைக் கவிழ்ப்பது

நுனி கீழ்நோக்கியே இருக்கட்டும். குலுக்காதீர்கள்.

இத்தாலியத் தேனீ ராணியை அடுக்குத் தேனீப் பெட்டியில் விடுவது

இனமே வேறு. பணித் தேனீக்கள் அதைக் கொன்றுவிடும்.