ஃபர்ம்வேர் ஏற்றியதும் போர்டு எழவில்லையா? அவசரத்தில் செய்யும் தவறுகள்

இஎஸ்பி32 போன்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் (சிறு கணினிச் சிப் பொருத்திய பலகை) ஃபர்ம்வேர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், வெற்றிகரமாக ஏறிவிட்டது என்கிறது கணினி, போர்டோ அசையவில்லை. உடனே நம்மில் பலர் அதே கோப்பை அதே விதத்தில் மறுபடியும் ஏற்றுகிறோம். ஒரு மாலைப் பொழுது முழுவதையும் நான் அப்படித் தொலைத்திருக்கிறேன். போர்டு பெரும்பாலும் செத்திருப்பதில்லை. தன் குறையைச் சீரியல் போர்ட் வழியாக, அதாவது கணினியோடு எழுத்துச் செய்திகள் பேசும் இணைப்பில், சொல்லிக்கொண்டே இருக்கும். நாம்தான் காது கொடுப்பதில்லை.

எனவே முதலில் அந்தச் செய்திகளைக் கணினித் திரையில் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறந்துவைத்து ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். இஎஸ்பி32 தன் தொடக்கச் செய்திகளை 115200 பாட் (செய்தி அனுப்பும் வேகத்தின் அலகு) வேகத்தில் அனுப்பும். இஎஸ்பி8266 போர்டுகளில் பொதுவாக 74880. வேகம் பொருந்தாவிட்டால் திரையில் கிறுக்கல்தான் வரும். அதை வைத்து ஃபர்ம்வேர் கெட்டுவிட்டதாக முடிவுகட்டாதீர்கள்.

டவுன்லோடுக்குக் காத்திருப்பதாகச் செய்தி வந்தால், இந்தப் போர்டுகளில் பெரும்பாலும் ஜிபிஐஓ 0 பின் (வெளிச் சாதனங்களை இணைக்கும் கால்களில் ஒன்று) தாழ்நிலையில், அதாவது 0 வோல்ட்டில், சிக்கியிருக்கிறது. அதில் நீங்கள் இணைத்த பொத்தானோ சென்சாரோ காரணமாக இருக்கலாம். ஜிபிஐஓ 12 இன்னும் பொல்லாதது. பழைய இஎஸ்பி32-இல் தொடக்க நேரத்தில் அது உயர்நிலையில் இருந்தால், ஃபிளாஷ் நினைவகத்துக்கு 3.3 வோல்ட்டுக்குப் பதில் 1.8 வோல்ட் போகும், போர்டு எழாது. வெளி ஒயர்களை எல்லாம் கழற்றிவிட்டுச் சோதிப்பது இரண்டு நிமிட வேலை.

ஹெடர் தவறு என்ற வரி ஓயாமல் ஓடினால் முகவரியைப் பாருங்கள். பழைய இஎஸ்பி32-இல் பூட்லோடர் (முதலில் ஓடி ஃபர்ம்வேரைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல்) ஃபிளாஷில் பதினறும எண் 1000 என்ற முகவரியில் அமர வேண்டும். இஎஸ்பி32-இன் எஸ்3, சி3 வகைகளில் 0-இல். ஒரு போர்டுக்கு எழுதிய கட்டளையை இன்னொன்றுக்கு அப்படியே ஒட்டுவதன் விளைவு இது. ராஸ்பெர்ரி பை பிக்கோவின் கோப்பு பிக்கோ 2-க்கு ஒத்துவராததும் இதே கதைதான், சிப்பே வேறு.

ஏற்றும்போது ஒழுங்காக இருந்து, வைஃபை தொடங்கியதும் ரீசெட் ஆகிறதா? மின்னோட்டம் சட்டென எகிற, மெல்லிய கேபிளில் மின்னழுத்தம் சரிகிறது. இதற்காகச் சிலர் மின்னழுத்தக் குறைவைக் கண்டறியும் காவலை நிரலில் அணைத்துவிடுகிறார்கள். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைப்பது போன்ற வைத்தியம் இது. கேபிளை மாற்றுங்கள்.

போர்டில் பைத்தான் நிரல்களை ஓட்டும் மைக்ரோபைத்தானில் வேறொரு பொறி உண்டு. ஃபர்ம்வேரை மட்டும் மறுபடி ஏற்றினால் உங்கள் நிரல்கள் இருக்கும் கோப்புப் பகுதி பொதுவாக அழியாது. முடிவற்ற சுழலில் சிக்கிய உங்கள் தொடக்க நிரல் மறுபடியும் ஓடும். முழு ஃபிளாஷையும் அழித்துவிட்டு ஏற்றினால் தீரும். ஆனால் போர்டில் மட்டுமே இருந்த நிரல்களும் சேமித்த அமைப்புகளும் அதோடு போய்விடும். ஆகவே சீரியல் இணைப்பில் கண்ட்ரோல்-சி அழுத்தி நிரலை நிறுத்த முடிகிறதா என்று முதலில் பாருங்கள். நின்றால் கோப்புகளைக் கணினிக்கு நகலெடுத்துக்கொண்டு, பிறகு அழியுங்கள்.