மஞ்சள் காமாலை ரத்தத்துக்கு எலைசா வைப்பது எப்படி

எலைசா என்பது, கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியோ கிருமியின் புரதமோ ரத்தத்தில் இருந்தால் நிறம் காட்டும் சோதனை. சேலத்தில் எங்கள் லேபுக்கு டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) முடித்து வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: பிப்பெட்டைத் தொடும் முன், எந்த ஆன்டிபாடியைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

காமாலையோடு வருபவருக்கு ஹெபடைட்டிஸ் ஏ, இ வைரஸ் சந்தேகம் என்றால், புதுத் தொற்றில் முதலில் தோன்றும் ஐஜிஎம் வகை ஆன்டிபாடியைப் பார்க்க வேண்டும். ஐஜிஜி என்ற இன்னொரு வகை எப்போதோ வந்துபோன தொற்றுக்கும் பல வருடம் நிற்கும். இன்றைய காமாலைக்கு அதை வைத்துக் காரணம் சொல்ல முடியாது. பி வைரஸுக்கு முதல் சோதனை ஆன்டிபாடியே இல்லை, வைரஸின் மேலுறைப் புரதம். அமெரிக்க விஞ்ஞானி புளும்பெர்க் 1960களில் கண்டுபிடித்தது. ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்ற பழைய பெயர் அதற்குத்தான். சி வைரஸுக்கு ஆன்டிபாடியில் தொடங்கலாம். ஆனால் தொற்றியபின் அது ரத்தத்தில் தெரிய எட்டு முதல் பதினோரு வாரம் ஆகலாம். எனவே நோயாளிக்குப் போட்ட ஊசியைச் சமீபத்தில் தவறித் தன் கையில் குத்திக்கொண்ட நர்ஸுக்கு இன்றைய நெகட்டிவ் போதாது.

அடுத்து சாம்பிள். ஏற்காட்டிலிருந்து ரத்தத்தை அப்படியே அனுப்பினால் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிச் சிவப்பணு உடையலாம். அதிலிருந்து வெளிவரும் ஹீமோகுளோபினே, கிட்டில் நிறம் வரவைக்கும் பெராக்சிடேஸ் நொதியின் வேலையைக் கொஞ்சம் செய்யும், அதனால் நிறம் பொய்யாகக் கூடலாம். ரத்தம் நன்றாக உறைந்ததும் அங்கேயே சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளியும் சீரத்தை மட்டும் ஐஸ் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள்.

கிட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். சித்திரை வெயிலில் ஜன்னலோர மேசை வேண்டாம், ஏசி அறையிலேயே இருக்கட்டும். சி வைரஸ் பிளேட்டின் குழிகளில் வைரஸ் புரதத் துண்டுகள் பூசியிருக்கும். சீரத்தில் ஆன்டிபாடி இருந்தால் 37 டிகிரியில் அவற்றோடு ஒட்டிக்கொள்ளும். கழுவியபின், ஒட்டிய ஆன்டிபாடியைப் பிடித்துக்கொள்ளும் நொதி சேர்த்த கான்ஜுகேட், மறுபடி கழுவல், அப்புறம் நிறம் தரும் டிஎம்பி. நீலம் வரும், அமிலம் விட்டதும் மஞ்சளாகும். 450 நானோமீட்டரில் படிக்க வேண்டும்.

பிழைகள் பெரும்பாலும் கழுவுவதில்தான் வருகின்றன. ஒவ்வொரு குழியும் விளிம்புவரை நிறைய வேண்டும், ஆனால் பக்கத்துக் குழிக்கு வழியக்கூடாது. கிட் தாளில் சொன்ன நேரம் ஊறவிட்டு, கடைசியில் டிஷ்யூ மேல் கவிழ்த்து நன்றாகத் தட்டுங்கள். மிஞ்சிய ஒரு துளி கான்ஜுகேட் போதும், நோயில்லாதவரை நோயாளியாக்கிவிடும். வாஷர் முனை அடைத்திருக்கிறதா என்று தினமும் காலையில் பாருங்கள். நேரம் மிச்சப்படுத்த வேறு எங்காவது பாருங்கள், இங்கே வேண்டாம்.

கன்ட்ரோல் (விடை முன்பே தெரிந்த சாம்பிள்) எல்லைக்குள் வராவிட்டால் மொத்த பிளேட்டையும் ஒதுக்கிவிட்டுத் திரும்ப வையுங்கள். விலையை நினைத்துத் தயங்காதீர்கள். கட்-ஆஃபை, அதாவது ரியாக்டிவ் என்று கொள்ளும் எல்லை அளவை, தாண்டிய சாம்பிளை இரண்டு குழிகளில் மறுபடி பாருங்கள்.

மறுபடியும் தாண்டிய சி வைரஸ் சாம்பிளுக்கு ரிப்போர்ட்டில் "ஆன்டிபாடி ரியாக்டிவ், ஆர்என்ஏ பரிசோதனை தேவை" என்று எழுதுங்கள். ஆர்என்ஏ என்பது வைரஸின் மரபணுப் பொருள், வைரஸ் இப்போதும் உடலில் இருக்கிறதா என்பதை அதுதான் காட்டும். "ஹெபடைட்டிஸ் சி நோய்" என்று எழுதவே கூடாது. மருந்தில்லாமலே வைரஸ் நீங்கியவர்கள் உண்டு, அவர்களிடமும் ஆன்டிபாடி தங்கியிருக்கும். ஆர்என்ஏவும் பாசிட்டிவ் என்றால் பயப்பட வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள்: 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மருந்து இலவசம், பலருக்குப் பன்னிரண்டு வார மாத்திரையே போதும். குணமானபின் வரும் ஆர்என்ஏ நெகட்டிவ் தாளைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். பின்னாளில் ஏதாவது ஆபரேஷனுக்கு முன் ரத்தம் பார்த்தால் ஆன்டிபாடி மறுபடி ரியாக்டிவ் என்றுதான் வரும். அப்போது டாக்டரிடம் காட்ட அந்தத் தாள் வேண்டும்.