ஊருக்குப் பெட்டி கட்டுமுன்: அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபயருக்கு வால்வு வாங்குவது எப்படி

ஊருக்கு வரும்போது என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டால் "ஒண்ணும் வேண்டாம், நீ வந்தாப் போதும்" என்பதுதான் அம்மாவின் வழக்கமான பதில். இரண்டு வருடத்துக்கு முன்பு மட்டும், "அப்பா செட்டு பாட மாட்டேங்குதுடா, அங்க வால்வு கிடைக்குமான்னு பாரு" என்றார். வால்வு என்றால் அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயரில் பல்பு மாதிரிச் சொருகியிருக்கிற கண்ணாடிக் குழாய். மதுரை சிம்மக்கல் வீட்டு முன்னறையில் கொலு பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற ஆம்ப்ளிஃபயர் அது, அப்பா இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் அதில் ரெக்கார்டு ஓடாமல் எங்கள் வீட்டில் இட்லி வெந்ததில்லை. நான் இருப்பது மான்செஸ்டரில், இங்கே பழைய வால்வு கிடைப்பது கஷ்டமே இல்லை. போனில் கேட்டேன், பெரிய வால்வு ரெண்டு, சின்னது மூணு என்றார்கள். பெரியது என்றால் ஈஎல் 34 என்று நானே முடிவு செய்து ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு விமானம் ஏறினேன். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தால் உள்ளே ஒன்பது பின் சாக்கெட், என் கையில் எட்டு பின் வால்வு. மூன்று வார விடுமுறையில் முதல் வாரம் அப்படியே போனது. உங்களுக்கும் அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

டிக்கெட் போட்ட அன்றே ஊரில் இருக்கிற தம்பியிடமோ அக்கா மகனிடமோ படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். செட்டை ஆஃப் செய்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். அடிப்பக்க மூடியைத் திறக்கவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்டைச் சேர்த்து வைக்கிற கண்டன்சரில் 300 வோல்ட் வரை தேங்கி நிற்கலாம். மேலே தெரிகிற வால்வுகளை மட்டும் எடுக்கும் முன்பு ஒரு படம், எந்த வால்வு எந்தச் சாக்கெட்டில் இருந்தது என்பது தெரிகிற மாதிரி. பிறகு ஒவ்வொன்றையும் நேராக மேலே தூக்கி எடுத்து, அதன் மேல் இருக்கிற எழுத்துக்கு ஒரு படம், அடியில் இருக்கிற பின்னுக்கு ஒரு படம். கண்ணாடியைத் துணியால் துடைக்கக்கூடாது, பழைய வால்வில் எழுத்து தொட்டாலே உதிர்ந்துவிடும். எழுத்து மங்கிப்போயிருந்தால் வாயால் ஒரு முறை ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள், ஆவி படிகிற அந்த ஒரு கணத்தில் தெரிந்துவிடும். பின்பக்கம் 200, 220, 240 என்று வோல்டேஜ் மாற்றுகிற கட்டை இருந்தால் அது எதில் நிற்கிறது என்பதற்கும் ஒரு படம் வேண்டும்.

படம் வந்ததும் பெயரைப் படியுங்கள். ஐரோப்பியப் பெயரில் முதல் எழுத்து சொல்வது ஃபிலமெண்டை, அதாவது வால்வைச் சூடாக்குகிற கம்பியை. ஈ என்றால் 6.3 வோல்ட். யு என்றால் ஃபிலமெண்டுகள் எல்லாம் 100 மில்லி ஆம்பியரில் வரிசையாகக் கோத்தவை, யுசிஎச் 81, யுஎல் 84, யுஒய் 85 என்று ரேடியோக்களில் வரும். யு வரிசை தெரிந்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள், அந்த வகை ரேடியோவில் பெரும்பாலும் தனி மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்காது, வீட்டுக் கரண்டே சேசிஸில் (செட்டின் உலோகச் சட்டத்தில்) ஓடும், பிளக்கைத் திருப்பிச் சொருகினாலே ஷாக் அடிக்கும். அதை மெக்கானிக்கைத் தவிர யாரும் திறக்கக்கூடாது. சரி, அடுத்த எழுத்துகளுக்கு வருவோம்: சிசி என்றால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு ட்ரையோடு (மூன்று முனை வால்வு), எஃப் என்றால் சின்ன பென்டோடு (ஐந்து முனை வால்வு), எல் என்றால் ஸ்பீக்கரை ஓட்டுகிற பவர் பென்டோடு, இசட் என்றால் ஏசி கரண்டை டிசியாக்குகிற ரெக்டிஃபயர். எண் எண்பதுகளில் இருந்தால் ஒன்பது பின், முப்பதுகளில் இருந்தால் எட்டு பின் ஆக்டல். இது தெரிந்திருந்தால் நான் அந்த ஜோடியை வாங்கியிருக்கவே மாட்டேன்.

அப்பாவின் செட் ஏதோ கம்பெனிச் சரக்கு என்று நினைத்திருந்தேன். இல்லை, அறுபதுகளில் மதுரையிலேயே ஒரு ரேடியோ கடையில் கட்டிக் கொடுத்தது. மல்லார்டு கம்பெனி வெளியிட்ட ஃபைவ்-டென் சர்க்யூட், ஐந்து வால்வு, பத்து வாட். முதலில் ஈஎஃப் 86, அடுத்து ஈசிசி 83, ஸ்பீக்கருக்கு ஈஎல் 84 இரண்டு, ரெக்டிஃபயர் ஈஇசட் 81. உங்கள் வீட்டு செட் வேறாக இருக்கலாம், ஆனால் அந்தக் காலத்து வீட்டு ஆம்ப்ளிஃபயர்களில் இந்தப் பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

ஒரே வால்வுக்கு அமெரிக்காவில் ஒரு பெயர், ரஷ்யாவில் ஒரு பெயர் என்பதால் கடையில் குழப்பம் வரும். ஈசிசி 83-தான் அமெரிக்காவின் 12 ஏஎக்ஸ் 7, பிரிட்டிஷ் ராணுவத்தின் சிவி 4004. ரஷ்யாவின் 6 என் 2 பி (6N2P) ஏறக்குறைய அதே மாதிரிப் பாடும், சாக்கெட்டிலும் உட்காரும், ஆனால் ஃபிலமெண்ட் வயரிங் வேறு, அப்படியே சொருகக்கூடாது. ஈசிசி 82, ஈசிசி 81 இரண்டும் பார்வைக்கு 83 மாதிரியேதான் இருக்கும், பின்னும் ஒன்றுதான். ஆனால் 83-இன் பெருக்கம் 100, 81-க்கு 60, 82-க்கு 20-கூட வராது. மாற்றிப் போட்டால் எரிந்துவிடாது, ஆனால் சர்க்யூட்டின் கணக்கு கெட்டு சத்தம் செத்துப்போகும். ஈஎல் 84 என்பது 6 பிகியூ 5 (6BQ5), ரஷ்யாவில் 6 பி 14 பி (6P14P), இவற்றைத் தைரியமாகப் போடலாம். 6 பி 15 பி (6P15P) என்று ஒன்று உண்டு, அதையும் சிலர் ஈஎல் 84 என்று தள்ளிவிடுவார்கள், வாங்காதீர்கள், அது டிவிக்குச் செய்த வால்வு, ஈஎல் 84-க்கு நேர் மாற்று இல்லை. ஈஎஃப் 86 அமெரிக்காவில் 6267.

பெரிய ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 6 எல் 6 இருந்த இடத்தில் ஈஎல் 34 போடலாம் என்று ஊரில் சொல்வார்கள். 6 எல் 6-இன் ஃபிலமெண்ட் இழுப்பது 0.9 ஆம்பியர், ஈஎல் 34 இழுப்பது 1.5. ட்ரான்ஸ்ஃபார்மர் அந்தக் கூடுதல் சுமையைத் தாங்குமா என்று பார்க்காமல் போட்டால் எரியப்போவது ட்ரான்ஸ்ஃபார்மர், அதை இன்றைக்குச் சுற்றிக் கொடுக்க ஆள் தேட வேண்டும். ஈஎல் 34-இல் 1-ஆம் பின்னை 8-ஆம் பின்னோடு இணைக்கவும் வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம். எங்கள் செட்டில் ஒரு ஈஎல் 84-இன் பிளேட் (உள்ளே இருக்கிற உலோகத் தகடு) செக்கச்செவேல் என்று பழுத்துக்கொண்டிருந்தது. நான் சரியான வால்வைத் தேடி அலையப் புறப்பட்டபோது, பழைய ரேடியோ செட் வேலை பார்த்த ஒரு மெக்கானிக் அண்ணனைச் சித்தப்பா அழைத்து வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தவர், காய்ந்த பல்லி முட்டை இரண்டைக் குச்சியால் தள்ளிவிட்டு, மெழுகு வழிந்துபோன ஒரு பழுப்புக் கண்டன்சரைத் தொட்டுக் காட்டினார். "வால்வ மாத்தாதீங்க தம்பி. மொதல்ல இதக் கழட்டுங்க. இது இருக்க வரைக்கும் எத்தன வால்வு போட்டாலும் தின்னுக்கிட்டேதான் இருக்கும்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஈசிசி 83-இல் இருந்து ஈஎல் 84-இன் கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்துகிற வலைக்கு) பாட்டை மட்டும் விட்டு டிசி வோல்டேஜைத் தடுக்க வேண்டிய கண்டன்சர் அது. ஐம்பது அறுபது வருடத்தில் அது கசியத் தொடங்கும். கிரிட்டில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறினால் வால்வு கட்டுப்பாடில்லாமல் கரண்ட் இழுத்துப் பழுத்துவிடும். அவர் ஈஎல் 84 இரண்டையும் எடுத்துவிட்டு, செட்டைக் கொஞ்ச நேரம் மட்டும் ஓடவிட்டு, சாக்கெட்டின் 2-ஆம் பின்னில் மீட்டரை வைத்தார். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 11 வோல்ட். உயர் வோல்டேஜில் பழக்கமுள்ளவர் மட்டும் செய்ய வேண்டிய சோதனை இது, நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். நான் எடுத்துப்போக வேண்டியிருந்தது வால்வே இல்லை, 400 வோல்ட்டோ 630 வோல்ட்டோ தாங்குகிற நாலு ஃபிலிம் கண்டன்சர்! ஒரு கைப்பிடிகூட இருக்காது, விலையும் அற்பம். வால்வோடு சேர்த்து இதையும் கட்டாயம் வாங்கிப் போங்கள்.

ரெக்டிஃபயரில் இருந்து வருகிற டிசியைச் சீராக்குகிற ஃபில்டர் கண்டன்சரும் காய்ந்திருக்கும், உர்ரென்ற இரைச்சல் அதனால்தான். மாற்றும்போது "பெருசாப் போட்டா இரைச்சலே வராது" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஈஇசட் 81-க்கு அடுத்து வருகிற முதல் கண்டன்சர் 50 மைக்ரோஃபாரடைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஆன் செய்கிற ஒவ்வொரு முறையும் ரெக்டிஃபயருக்கு அடி விழும்.

பழையதா, புதியதா? என் கருத்து இதுதான். ஈஎல் 84 தேய்கிற வால்வு, அதற்குப் புதிதாகச் செய்கிறதே போதும், ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, ரஷ்யாவின் சரத்தோவ் ஆலை இரண்டும் நன்றாகவே செய்கின்றன. அளந்து ஜோடி சேர்த்ததாகக் கேட்டு வாங்குங்கள், இரண்டும் ஒரே அளவு கரண்ட் இழுத்தால்தான் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு நல்லது. காசு செலவழிப்பதானால் முதல் நிலையில், ஈஎஃப் 86-இல் செலவழியுங்கள். அங்கே வருகிற சின்ன இரைச்சல்கூடக் கடைசியில் பெரிதாகிக் காதில் விழும். செட் ஓடும்போது பென்சிலின் ரப்பர் முனையால் அதை லேசாகத் தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடித்த மாதிரி கேட்கும், கொஞ்சம் கேட்டால் பரவாயில்லை, நீண்டு ஒலித்தால் அந்த வால்வு முதல் நிலைக்கு ஆகாது.

மல்லார்டு என்ற பெயரைப் பார்த்து மட்டும் பணம் கொடுக்காதீர்கள். பழைய மல்லார்டு இங்கிலாந்தின் பிளாக்பர்னில் 1938-இல் தொடங்கிய ஆலையில் செய்தது, நான் இருக்கிற இடத்தில் இருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். புதிதாக அந்தப் பெயரில் வருகிறதோ சரத்தோவில் செய்தது. புதியது மோசமில்லை, ஆனால் பழையதன் விலைக்கு அதை வாங்கக்கூடாது. பழையதில் கண்ணாடியின் அடிப்பக்கம் சின்னதாக ஒரு குறியீடு இருக்கும், இரண்டாவது வரி பி (B) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் பிளாக்பர்ன், அடுத்த இலக்கம் வருடத்தின் கடைசி எண். ஜெர்மனியின் டெலிஃபங்கன் என்றால் அடியில் பின்களுக்கு நடுவே கண்ணாடியிலேயே வைர வடிவம் அச்சாகியிருக்க வேண்டும்.

நம் நாட்டு வால்வையும் மறக்காதீர்கள். பெங்களூரில் 1954-இல் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-இல் இருந்து வால்வு செய்தது. பெல் முத்திரை போட்ட ஈசிசி 83, ஈஎல் 84 மதுரைப் பக்கம் பரணில் இன்னும் கிடக்கின்றன. வெளிநாட்டில் நாலு மடங்கு கொடுத்து வாங்குகிற முன்பு ஊரில் விசாரியுங்கள். டவுன்ஹால் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கண்டன்சர், ரெசிஸ்டர், பீங்கான் சாக்கெட் கேட்டுப் பார்க்கலாம், வால்வுக்கு அங்கே அலைவதைவிடத் திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் தலைமுறையாகக் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ரேடியோ செட் கட்டியவர்கள் வீட்டில் கேட்பது மேல். அங்கே போனால் பேரம் பேசுவதில் குறியாக இருக்காமல் ஒரு காபி குடித்துவிட்டு, உட்கார்ந்து பேசுங்கள். வாங்கும்போது கண்ணாடியின் உச்சியைப் பாருங்கள், உள்ளே வெள்ளிப் பூச்சு பளபளவென்று இருந்தால் சரி, பால் மாதிரி வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது.

கரண்ட் விஷயம். ஃபிலமெண்டுக்கு 6.3 வோல்ட் கொடுப்பது செட்டுக்குள் இருக்கிற ட்ரான்ஸ்ஃபார்மர்தான், அதனால் டொரன்டோவில் வாங்கினாலும் சிங்கப்பூரில் வாங்கினாலும் வால்வு ஒன்றுதான். கனடாவில் இருந்து 120 வோல்ட் ஆம்ப்ளிஃபயரையே தூக்கி வருகிறவர்களுக்குத்தான் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் மீட்டர் 245 காட்டியது, செட்டின் கட்டையோ 220-இல் நின்றது. கணக்குப் போட்டால் 6.3 இருக்க வேண்டிய இடத்தில் 7.0 வோல்ட், வால்வின் ஆயுள் அதிலேயே கரைந்துவிடும். கட்டையை 240-க்கு மாற்றியதோடு சரியானது. மலிவான ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் லைனில் இந்தச் செட்டை மாட்ட வேண்டாம், ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமிச் சூடாகும்.

எடுத்துப்போகும்போது வால்வை செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குமிழ் உறையில் சுற்றி, கெட்டியான டப்பாவில் பின் அழுந்தாமல் அடுக்கி, பில்லோடு கைப்பையில் வையுங்கள். விமான நிலையத்தில் ஸ்கேனரில் பார்த்துக் கேட்டால், பழைய ரேடியோவுக்கான வால்வு என்று சொல்லி ஒன்றை எடுத்துக் காட்டுங்கள், என்னிடம் கேட்ட ஒவ்வொரு முறையும் அதோடு விட்டுவிட்டார்கள்.

முதல் தடவை ஆன் செய்யும்போது ஸ்பீக்கரைக் கட்டாயம் இணைத்திருக்க வேண்டும், அப்புறம் மெயின்ஸில் ஒரு 100 வாட் குண்டு பல்பை சீரிஸாகப் போடச் சொல்லுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் நல்லது, மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். பல்பை எடுத்த பிறகு ஈஎல் 84 ஒவ்வொன்றின் கேத்தோடில் (வால்வுக்குள் சூடாகிற முனையில்) இணைத்த ரெசிஸ்டருக்குக் குறுக்கே வோல்டேஜ் அளந்து, அதை ரெசிஸ்டரின் ஓம்ஸால் வகுத்தால் கரண்ட் கிடைக்கும். பிளேட்டில் 300 வோல்ட், 36 மில்லி ஆம்பியர் என்றால் 10.8 வாட், ஈஎல் 84-இன் எல்லை 12 வாட், அதற்குள் இருக்கிறது. அன்று மெக்கானிக் அண்ணன் இதைத் தீப்பெட்டி அட்டையின் பின்பக்கம் எழுதிக் கணக்குப் போட்டார், இரண்டு வால்வுக்கும் ஒரு மில்லி ஆம்பியர்தான் வித்தியாசம். அதன் பிறகுதான் மூடியை மாட்டினார்.

நீங்கள் திரும்பிப் போன பிறகு செட் சும்மா கிடக்கக்கூடாது. மாதம் இரண்டு தடவையாவது ஒரு மணி நேரம் பாடவிட வீட்டில் சொல்லிவையுங்கள். கூடுதலாக ஒரு ஈஎல் 84 ஜோடியும் ஒரு ஈசிசி 83-உம் டப்பாவில் போட்டு, எது எந்தச் சாக்கெட்டுக்கு என்று தமிழில் எழுதி ஒட்டி, மெக்கானிக்கின் போன் நம்பரையும் அதன் மேலேயே எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்த டப்பா அம்மாவின் மருந்து அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது, போன மாதம் போனில் பேசியபோது பின்னால் ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது.