வீட்டிலேயே மான் கறி அறுப்பது: ஈயத் துகள் உணவில் கலக்காமல் காக்கும் முறை

2008-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், வில்லியம் கார்னட்ஸர் என்ற மருத்துவர், வேட்டைக்காரர்கள் உணவு வங்கிகளுக்கு நன்கொடையாகக் கொடுத்திருந்த மான் கொத்துக்கறிப் பொட்டலங்களை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். பாதிக்கும் மேற்பட்ட பொட்டலங்களில் உலோகத் துகள்கள் தெரிந்தன. உணவு வங்கிகளில் இருந்த மான் கொத்துக்கறியை அப்புறப்படுத்துமாறு மாநிலச் சுகாதாரத் துறை கேட்டுக்கொண்டது. பக்கத்து மாநிலமான மினசோட்டாவும் அதே ஆண்டு தன்னிடம் வந்திருந்த பொட்டலங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், கொத்துக்கறிப் பொட்டலங்களில் சுமார் 26 சதவீதத்திலும், முழுத் துண்டுகளாக வெட்டிய கறியில் சுமார் 2 சதவீதத்திலும் ஈயம் இருந்தது. இரு வகைப் பொட்டலங்களுக்கும் மான்களும் தோட்டாக்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் என்னும்போது, இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள பெரிய வேறுபாட்டுக்குக் காரணம், கறியின் எந்தப் பகுதி எந்தப் பொட்டலத்துக்குப் போனது என்பதும், அது எப்படி வெட்டப்பட்டது என்பதும்தான். ஆகவே முதன்முறையாக வீட்டில் மான் அறுப்பவர்களுக்கு, வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஈயத்தை மனத்தில் வைத்து எப்படி நடந்துகொள்வது என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இந்த விளக்கம் அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் உரிமம் பெற்று, வேட்டைப் பருவத்துக்குள், முறைப்படி பதிவு செய்து வேட்டையாடுபவர்களுக்கும், அவர்களிடமிருந்து மான் கறியைப் பெறும் குடும்பங்களுக்கும் மட்டுமே உரியது.

தோட்டா உடலுக்குள் என்ன ஆகிறது

வழக்கமான ரைஃபிள் தோட்டாவின் உட்கரு ஈயம்; அதன்மேல் மெல்லிய செம்பு உறை இருக்கும். மிகுந்த வேகத்தில் அது மானின் உடலில் பாயும்போது உறை பிளந்து, உள்ளே இருக்கும் மென்மையான ஈயம் சிதறுகிறது. விலா எலும்பிலோ தோள்பட்டை எலும்பிலோ பட்டால் சிதறல் இன்னும் அதிகமாகும். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கமான முறையில் வேட்டையாடப்பட்ட 30 வெண்வால் மான்களை எக்ஸ்ரே எடுத்தார்கள். குடல் நீக்கிய உடல்களில்கூட குறைந்தது 15 முதல் அதிகபட்சம் 409 வரை துகள்கள் இருந்தன. அந்தக் கறியைப் பன்றிகளுக்குக் கொடுத்தபோது, சில நாட்களிலேயே அவற்றின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு உயர்ந்தது. அதாவது, விழுங்கிய உலோகத் துகள் அப்படியே வெளியேறிவிடும் என்ற நம்பிக்கை தவறு.

மினசோட்டா இயற்கை வளத் துறை 2008-இல் ஆட்டு உடல்களைச் சுட்டுச் சோதித்தபோது, குண்டு வெளியேறிய துளையிலிருந்து 45 சென்டிமீட்டர் தொலைவில்கூடத் துகள்கள் கிடைத்தன. பெரும்பாலான துகள்கள் பொடியுப்பைவிடச் சிறியவை. கண்ணுக்குத் தெரியாது, பல்லிலும் அகப்படாது. அதனால் தேடி எடுத்து எறியலாம் என்று எண்ணாதீர்கள். கண்ணை நம்பாமல் தூரத்தை நம்பி வெட்டுவதே இந்த வேலையின் அடிப்படை.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. குழந்தைகளின் வளரும் மூளையை அது பாதிக்கிறது. கருவிலிருக்கும் சிசுவுக்கும் தாயின் இரத்தம் வழியாகச் சென்று சேர்கிறது. பெரியவர்களுக்கு இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. வீட்டில் சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால், கீழே சொல்லும் எந்தப் படியிலும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

முதல் படி: சுடுவதற்கு முன்னால்

முழுச் செம்பில் செய்த தோட்டாவைப் பயன்படுத்தினால் ஈயப் பிரச்சினை எழவே எழாது. செம்புத் தோட்டா உள்ளே பாய்ந்ததும் முனை இதழ்களாக விரிகிறதே தவிரப் பெரும்பாலும் உடைவதில்லை; எடையில் ஏறக்குறைய முழுவதையும் தக்கவைத்துக்கொள்கிறது. விலை சற்றுக் கூடுதலாக இருக்கும். உங்கள் துப்பாக்கியில் அது எங்கே போய்ப் படுகிறது என்பதைப் பருவம் தொடங்குமுன் இலக்குப் பலகையில் சுட்டுச் சரிபார்க்கவும் வேண்டும். கலிபோர்னியா 2013-இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை 1 முதல் வேட்டையில் ஈயத் தோட்டாவை முற்றாகத் தடை செய்தது. அங்கே வேட்டை நின்றுவிடவில்லை. என்னைக் கேட்டால், ஒரு பருவத்துக்குத் தேவையான ஒன்றிரண்டு பெட்டித் தோட்டாக்களில் மிச்சம் பிடிக்கும் பணத்துக்காகக் குழந்தையின் தட்டில் இந்த ஆபத்தை வைக்கக் கூடாது என்பேன்.

ஈயத் தோட்டாவால் சுட்ட மான் ஏற்கனவே கைக்கு வந்துவிட்டது என்றால், மேலே படியுங்கள்.

இரண்டாம் படி: குடல் நீக்குதல்

மான் விழுந்த இடத்திலேயே வயிற்றைத் திறந்து குடல், இரைப்பை, நுரையீரல் எல்லாவற்றையும் எடுத்துவிடுவது வழக்கம். குடலோ சிறுநீர்ப்பையோ கிழியாதபடி, கத்தியின் வெட்டும் விளிம்பு மேல்நோக்கி இருக்குமாறு பிடித்துத் தோலையும் வயிற்றுச் சவ்வையும் மட்டும் அறுங்கள். நெஞ்சில் குண்டு பட்ட மானின் இதயத்தையும் ஈரலையும் ஆசைப்பட்டு எடுத்துவைக்க வேண்டாம். குண்டு நுரையீரலைத் துளைத்துச் செல்லும்போது இதயம் அந்தச் சிதறலுக்குள்ளேயே இருக்கிறது. ஈரலுக்கும் அந்தச் சிதறலுக்கும் நடுவில் உதரவிதானம் என்ற மெல்லிய சவ்வு ஒன்றுதான் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் நல்லெண்ணத்தோடு பலர் தவறு செய்கிறார்கள். இரத்தமாக இருக்கிறதே என்று உடலின் உட்குழிக்குள் தண்ணீர்க் குழாயைப் பாய்ச்சிக் கழுவுகிறார்கள். மினசோட்டாச் சோதனையிலேயே இது பார்க்கப்பட்டது: கழுவினால் காயத்தின் அருகே ஈயம் குறைகிறது, ஆனால் தண்ணீரோடு நகர்ந்து அதுவரை சுத்தமாக இருந்த பகுதிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. முதுகெலும்பின் உட்புறமாக ஓடும், மானிலேயே மிக மென்மையான அந்த உள்முதுகுச் சதைதான் இப்படி முதலில் கெடும். தண்ணீருக்குப் பதில், உலர்ந்த காகிதத் துண்டால் பின்புறத்திலிருந்து நெஞ்சை நோக்கி ஒரே திசையில் துடைத்து, ஒவ்வொரு முறையும் காகிதத்தை மாற்றுங்கள்.

மூன்றாம் படி: தொங்கவிடுதலும் குண்டின் பாதையை அறிதலும்

பின்னங்கால்களைக் கட்டித் தலை கீழாகத் தொங்கவிடுங்கள். வடியும் இரத்தமும் நீரும் நெஞ்சையும் கழுத்தையும் நோக்கிப் போகும். நல்ல கறி நிறைந்த தொடைகளின் பக்கம் வராது. தோலை உரித்த பிறகு கறி விரைவாகக் குளிர்ந்து 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே வர வேண்டும்.

தோல் உரிந்தவுடன் கத்தியை வைத்துவிட்டு, சில நிமிடங்கள் உடலைச் சுற்றி வந்து பாருங்கள். குண்டு நுழைந்த துளை சிறியதாகவும், வெளியேறிய துளை பெரியதாகவும் கிழிந்தும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோட்டை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். மான் சாய்வாக நின்றிருந்தால் அந்தக் கோடு தோளிலிருந்து எதிர்ப்பக்கத்து வயிறு வரையில் குறுக்காகப் போயிருக்கலாம். அப்போது ஒதுக்க வேண்டிய பரப்பும் அதற்கேற்பப் பெரிதாகும். வெளியேறிய துளையே காணவில்லை என்றால், தோட்டா முழுவதுமாக உள்ளேயே தங்கிவிட்டது என்று பொருள். கூடுதல் எச்சரிக்கை தேவை.

நான்காம் படி: சுத்தமான பக்கத்திலிருந்து தொடங்குதல்

இரண்டு கத்திகள், இரண்டு வெட்டுப்பலகைகள், ஒரு பெட்டிக் கையுறை ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். ஒரு கத்தியும் பலகையும் நல்ல கறிக்கு மட்டும். மற்றவை காயப் பகுதிக்கு மட்டும். காயத்திலிருந்து எவ்வளவு தொலைவு முடியுமோ அவ்வளவு தொலைவில் தொடங்கி, காயத்தை நோக்கி வர வேண்டும். எதிர்த்திசையில் வேலை செய்தால் கத்தியே ஈயத்தைச் சுமந்து செல்லும்.

முதலில் பின் தொடைகள். இடுப்பு மூட்டில் எலும்பு பந்துபோல் குழிக்குள் அமர்ந்திருக்கும். சுற்றிலும் சதையை அறுத்து, மூட்டைச் சற்றுத் திருகி, தசைநாரை வெட்டினால் தொடை தனியே வந்துவிடும். ரம்பம் தேவையில்லை. தொடைக்கறி பெரிய சதைக்கட்டுகளாகச் சவ்வுகளால் பிரிந்திருப்பதால், விரலை நுழைத்தாலே ஒவ்வொன்றாகப் பிரியும்.

அடுத்தது உள்முதுகுச் சதை. அதன் பிறகு முதுகெலும்பின் இருபுறமும் நீளமாக ஓடும் முதுகுக்கறி: இடுப்புப் பக்கம் தொடங்கி, கத்தியை எலும்போடு ஒட்டி இழுத்துத் தோள்பட்டையை நோக்கி வாருங்கள். காயத்துக்கு மேலே இருக்கும் முன்பகுதியை எடுக்காமல் நிறுத்திவிடுங்கள். முதுகுக்கறியின் கடைசி ஒரு சாண் நீளத்தை விட்டுக்கொடுக்க மனம் வராது; ஆனாலும் விட்டுவிடுங்கள்.

முதுகெலும்பையும் மண்டையோட்டையும் அறுக்காமல் எலும்பிலிருந்து கறியை மட்டும் எடுக்கும் இந்த முறைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. மினசோட்டா, விஸ்கான்சின் உட்படப் பல மாநிலங்களில் மான்களுக்கு மூளையை அழிக்கும் தீராத நோய் ஒன்று பரவியிருக்கிறது. அதற்குக் காரணமான புரதம் மூளையிலும் தண்டுவடத்திலும் மிகுந்திருக்கும். அப்படிப்பட்ட பகுதியில் வேட்டையாடினால், பரிசோதனை முடிவு வரும்வரை கறியைச் சமைக்கக் கூடாது.

ஐந்தாம் படி: காயத்தைச் சுற்றி வெட்டி ஒதுக்குதல்

கையுறையை மாற்றி, இரண்டாவது கத்தியை எடுங்கள். முன்னங்கால் உடலோடு எலும்பு மூட்டால் இணைந்ததில்லை. காலைத் தூக்கிப் பிடித்து அக்குளில் கத்தியை வைத்தால் வெறும் சதையும் சவ்வும்தான் அறுபடும், தோள்பட்டை எலும்பு அகலமாக விலகி வரும். அந்த இடைவெளியைக் கவனியுங்கள். குண்டு பட்ட பக்கத்தில் சதை அடுக்குகளுக்கு நடுவே, கருஞ்சிவப்பான, விரலில் வழவழவென்று ஒட்டும் இரத்தக் கூழ் படர்ந்திருக்கும். வெளிப்புறத்தில் நன்றாகத் தெரியும் சதையைத் தூக்கினால் அதன் அடியில் இந்தக் கூழ் ஓர் அடி தூரம்கூடப் போயிருக்கும். சிதறல் எந்தத் திசையில் போயிருக்கிறது என்பதற்கு இது ஒரு தடயம். ஆனால் கூழ் முடிந்த இடத்தில் ஈயமும் முடிந்துவிட்டது என்று கொள்ளக் கூடாது.

கருஞ்சிவப்புச் சதை, மயிர் புகுந்த சதை, எலும்புச் சில்லு குத்திய சதை எல்லாம் முதலில் போக வேண்டும். அதற்கும் அப்பால், நன்றாகத் தெரியும் கறியிலும் தாராளமாக வெட்டி ஒதுக்குங்கள். 45 சென்டிமீட்டர் என்ற அளவை மானின் நெஞ்சில் வைத்துப் பார்த்தால், உடலின் முன்பாதி கிட்டத்தட்ட முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். ஆறு வயதைக் கடந்த குழந்தைகள் உண்ணும் வீடு என்றால் முன்னங்கால்கள், நெஞ்சுக்கறி, விலாக்கறி, கழுத்தின் அடிப்பகுதி எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுவதே என் பரிந்துரை. ஒரு மானின் நல்ல கறியில் பெரும்பங்கு தொடைகளிலும் முதுகிலும்தான் இருக்கிறது. காயத்தருகே இருக்கும் எலும்பைச் சூப்புக்கும் எடுக்காதீர்கள்.

ஆறாம் படி: கொத்துக்கறி

அரவை இயந்திரம் ஒரு துகளைப் பலவாக்கிப் பொட்டலங்கள் முழுவதும் பரப்பிவிடும். காயத்தருகே இருந்து வெட்டிய ஓரத் துணுக்குகள் வழக்கமாகப் போய்ச் சேரும் இடமும் அதுதான். ஆகவே கொத்துக்கறி வேண்டுமென்றால் தொடைக்கறியை மட்டும் அரையுங்கள். மான்களைக் கலக்காதீர்கள். சிறு சிறு தொகுதியாக அரைத்து, ஒவ்வொரு தொகுதிக்கும் பிறகு இயந்திரத்தின் துளைத் தட்டைக் கழற்றிக் கழுவுங்கள். தட்டின் துளையில் சாம்பல் நிறப் பொட்டு தெரிந்தால் அந்தத் தொகுதி முழுவதும் குப்பைக்கே.

பொட்டலத்தின் மேல் தேதியோடு, 'இடத் தொடை', 'முதுகு' என்று பகுதியின் பெயரையும் எழுதி, மைனஸ் 18 டிகிரியில் உறையவையுங்கள். கறியை வெளியே கடையில் கொடுத்து வெட்டுவிப்பதாக இருந்தால், உங்கள் மானின் கறி மட்டும் உங்களுக்குத் திரும்பி வருமா, பலருடைய கறியோடு சேர்த்து அரைப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

சமையலில்

வேகவைப்பதால் ஈயம் அழியாது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் அது கறியிலேயே இருக்கும். புளிப்போ நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. வினிகர் போன்ற அமிலம் உலோக ஈயத்தைக் கரைத்து, உடல் எளிதில் உறிஞ்சும் வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. நம் சமையலில் எலுமிச்சைச் சாறு, தயிர், புளி என்று ஏதாவது ஒன்றில் கறியை ஊறவைப்பது இயல்பு என்பதால் இது நமக்கு முக்கியமான செய்தி. செம்புத் தோட்டாவால் சுட்ட மான் என்றால் தாராளமாக ஊறவைக்கலாம். ஈயத் தோட்டா என்றால், தொடைக்கறிக்கே ஆனாலும் இஞ்சி, பூண்டு, மிளகு, உப்பு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கர்ப்பிணிகளும், கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் ஈயத் தோட்டாவால் சுட்ட மான் கறியைத் தவிர்க்க வேண்டும். பருவம் முழுவதும் மான் கறி உண்ட குடும்பம் என்றால், மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண இரத்தப் பரிசோதனைதான். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 முதல், குழந்தைகளுக்கு ஒரு டெசிலிட்டர் (100 மில்லிலிட்டர்) இரத்தத்துக்கு 3.5 மைக்ரோகிராம் என்ற அளவை எச்சரிக்கை எல்லையாக வைத்திருக்கிறது.

கழிவு

வெட்டி ஒதுக்கிய கறியை வீட்டு நாய்க்குப் போடாதீர்கள். அதற்கும் அதே நஞ்சுதான். காட்டில் விட்டுவரும் குடல் குவியலை வெண்தலைக் கழுகுகள் வந்து தின்கின்றன. ஈய நஞ்சேறிப் பறக்க முடியாமல் விழுந்த கழுகுகள் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் வேட்டைப் பறவை மையத்துக்கு ஆண்டுதோறும் சிகிச்சைக்குக் கொண்டுவரப்படுகின்றன. ஈயத் தோட்டாவால் சுட்டிருந்தால் குடல் குவியலை ஆழமாகப் புதையுங்கள், அல்லது பையில் கட்டி எடுத்துவாருங்கள். வீட்டில் ஒதுக்கிய சதை, எலும்பு, காகிதம், கையுறை எல்லாவற்றையும் இரட்டைப் பையில் இறுகக் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுங்கள். பிறகு மேசையையும் காயப் பகுதிக்குப் பயன்படுத்திய கத்தியையும் பலகையையும் சோப்பு நீரால் கழுவித் துடைத்து, அந்தக் கத்தியிலும் பலகையிலும் அடையாளம் இட்டு, சமையலறைச் சாமான்களோடு சேராதபடி தனியே வையுங்கள்.