சோங்யே காவல் சிலையைப் பார்ப்பது எப்படி?

முகத்தை விட்டுவிட்டு வயிற்றிலிருந்து தொடங்குங்கள். பெல்ஜியத்தின் டெர்வூரன் அருங்காட்சியகத்தில் முதன்முதலாக இப்படியொரு சிலையின் முன் நின்றபோது, துருத்திய தாடையையும் பாதி மூடிய கண்களையும் பார்த்ததிலேயே என் நேரம் போய்விட்டது. சிலையின் உயிரே வயிற்றில்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

காங்கோ ஜனநாயகக் குடியரசில், லோமாமி ஆற்றுப் பகுதியில் வாழ்பவர்கள் சோங்யே மக்கள். இந்தச் சிலையை என்கிஷி என்பார்கள். சிற்பி செதுக்கி முடிக்கும்போது அது மரம் மட்டும்தான். சடங்கு வல்லவரான என்கங்கா, செடி, விலங்கு, மண் ஆகியவற்றிலிருந்து சேர்த்த 'பிஷிம்பா' என்னும் மருந்தை உள்ளே வைத்த பிறகுதான் நோயையும் சூனியத்தையும் அது தடுக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

அதனால் தொப்புள் பக்கம் குனிந்து பாருங்கள். இரண்டு கைகளும் வயிற்றை அணைத்தபடி இருக்கும். நடுவில் ஒரு குழி. அடைப்பு அப்படியே இருக்கிறதா, காலியாகிவிட்டதா? காலியாக இருந்தால் மருந்து எடுக்கப்பட்ட சிலையாக அது இருக்கலாம். எனக்கு அந்த வெற்றுக் குழியைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனத்துப்போகும்.

அடுத்து உச்சந்தலை. அங்கே பெரும்பாலும் கொம்பு செருகியிருக்கும், அல்லது அது இருந்த துளை தெரியும். சரி, இப்போது முகத்துக்கு வரலாம். செம்புத் தகடுகளும் பித்தளை ஆணிகளும் வெறும் அலங்காரம் இல்லை, அவையும் சக்தியின் பகுதி.

பிறகு அளவைக் கவனியுங்கள். கையடக்கமானவை ஒருவருக்கோ ஒரு குடும்பத்துக்கோ உரியவை. ஒரு மீட்டரை நெருங்குபவை ஊருக்கே பொது. இவற்றைக் கையால் தொடமாட்டார்களாம்; சிலையின் கைகளில் கட்டிய நீண்ட கழிகளைப் பிடித்துத்தான் நகர்த்தினார்கள். கைக்கும் விலாவுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத் தேடிப் பாருங்கள், அந்தக் கழிகள் நினைவுக்கு வரும்.

இடுப்பில் ராஃபியா என்னும் பனை வகையின் நாரால் ஆன பாவாடை இல்லையென்றால், அங்கே மரத்தின் நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் பாவாடை பின்னால் கழற்றப்பட்டிருக்கலாம்.

கடைசியாக விவரச் சீட்டு. பெரும்பாலும் 'சிற்பி பெயர் தெரியவில்லை' என்றிருக்கும். ஆனால் ஊர்ப் பொதுச் சிலைக்கென்றே ஒரு பெயர் இருந்தது. அதை உருவாக்கியவராக மக்கள் நினைத்தது என்கங்காவைத்தான். சிலையின் பெயர், அந்த என்கங்காவின் பெயர் இரண்டையும் அருங்காட்சியகத்தில் இருப்பவர்களிடம் கேளுங்கள்.